டோரா காத்திருக்கும் நேரம்



இலங்கையின் தெரணியகலையில் நல்ல மழை நாள் ஒன்று. தோட்டத்து லயத்தில், அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் டிவி சரியாகக் கேட்கவில்லை. கார்ட்டூன் சிறுமி டோரா ஆற்றங்கரைக்கு வந்து, எப்படி அக்கரைக்குப் போவது என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கண்ணை அகலத் திறந்து அப்படியே நின்றாள். அண்ணன் மகளுக்கு ஐந்து வயது. சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தாள், எழும்பிப் போனாள், திரையில் விரலை வைத்து "அந்தா, பாலம்!" என்று கத்தினாள். டோரா சரியென்று தலையாட்டியதும் பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்!

'டோராவின் பயணங்கள்' தொடரின் உயிரே அந்தச் சில விநாடி மௌனத்தில்தான் இருக்கிறது என்பேன். தோட்டத்துப் பிள்ளையிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்?

அமெரிக்காவில் நிக்கலோடியன் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்தத் தொடரை ஆரம்பித்தது. முதலில் முதன்மைப் பாத்திரமாக ஒரு காட்டு விலங்கைத்தான் யோசித்திருந்தார்கள். அங்கே லட்சக்கணக்கில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பிள்ளைகளைத் திரையில் காணவே முடியவில்லை என்ற குறை அப்போது பலமாக எழுந்தது. அதன் பிறகே ஏழு வயது டோரா மார்க்கெஸ் பிறந்தாள். கார்லோஸ் கோர்த்தெஸ் என்ற வரலாற்றுப் பேராசிரியரைப் பண்பாட்டு ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலம் பேசும் ஊரிலே, வீட்டில் அம்மாவும் பாட்டியும் பேசுகிற ஸ்பானிஷை டோரா மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வெளியில் பேசக் கூச்சப்பட்ட மொழி வழியைத் திறக்கிற சாவியாயிற்று.

தமிழுக்கு வந்தபோது இது தலைகீழானது. 2007இல் தொடங்கிய சுட்டி டிவியில் டோராவும் குரங்கு புஜ்ஜியும் தமிழ் பேசினார்கள், கற்றுக்கொடுத்ததோ ஆங்கிலம். பிள்ளைகளுக்கு அது பிரயோசனம்தான், மறுக்கவில்லை. ஆனால் தன் வீட்டு மொழியை அடுத்தவனுக்குக் கொடுக்கிற பெருமை அந்த மாற்றத்தில் போய்விட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

எங்கள் பிள்ளைகளுக்குத்தான் அந்தப் பெருமை அதிகம் தேவை. றப்பர் மலைக்கு இந்தப் பக்கம் லயம், அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். கடைக்குப் போனால் சிங்களம், வீட்டுக்கு வந்தால் தமிழ். எகாய், தெகாய், துனாய் என்று சிங்களத்தில் எண்ணிக்கொண்டே எங்கள் பிள்ளைகள் கல்லுக்குக் கல் தாவுவார்கள். இரண்டு மொழியில் ஓடியாடுகிற பிள்ளையை நாம் கெட்டிக்காரி என்று சொல்வதில்லை, தமிழ் கலந்துபோச்சு என்றுதான் திட்டுகிறோம்.

டோராவின் உலகத்தில் பசியில்லை, நாள் சம்பளத்துக்குப் பேர் போடுகிற கணக்கில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நம்முடைய திரைகளில் தோட்டத்துப் பிள்ளை எப்போது வருகிறது? சம்பளப் போராட்டச் செய்தியில், அம்மாவின் சேலையைப் பிடித்தபடி வருகிறது. 2013இல் வந்த 'பரதேசி' போன்ற படங்களில் எங்கள் முன்னோரைப் போலத் தோட்டத்துக்குப் போனவர்கள் பட்ட பாடு வருகிறது. அதெல்லாம் சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் பையை மாட்டிக்கொண்டு, அட்டை கடித்தாலும் நிற்காமல், சீதாவக்கை ஆற்றோரம் புதிய இடம் தேடிப் புறப்படுகிற எங்கள் சிறுமியை ஒருவரும் காட்டவில்லையே! இங்குள்ள தொலைக்காட்சிக்காரர்களிடம் கேட்கிறேன்: அப்படி ஒரு தொடரை இரண்டு மொழியிலும் கலந்தே எடுங்கள். பிள்ளைகளுக்கு விளங்கும்.

அன்று மழை விட்டதும் அண்ணன் மகள் வெளியே ஓடினாள். பீலிக்கரையில் கிராமத்துப் பையன் ஒருவன் நின்றான். இருவரும் வாய்க்காலுக்குக் குறுக்கே பலகை ஒன்றை இழுத்துப் போட்டார்கள். இவள் "பாலம்" என்றாள். அவன் "பாலம" என்றான். "யமு, போவோம்!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு இவள்தான் முதலில் கால் வைத்தாள்.