எண் மாறிய வீடு

(நம் சமுதாயக் கூடத்தில் படம் போடுவதற்கு முன் பேசியது)

இப்போது நீங்கள் பார்க்கப் போவது பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்'. 1920-இல் வந்த ஊமைப் படம். இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். நானும் நீட்டவில்லை.

கதை நமக்குத் தெரிந்ததுதான்: சொந்த வீடு. புதுமணத் தம்பதிக்கு ஒரு மனையும், பெட்டி பெட்டியாக ஒரு வீடும் கல்யாணப் பரிசாக வருகின்றன. மரத்தை அளவாக அறுத்து, எண் போட்டு ரயிலில் அனுப்புகிற கம்பெனிகள் அன்றைய அமெரிக்காவில் இருந்தன. எண் வரிசைப்படி நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் வேண்டாமென்று சொன்ன ஒருவன் பெட்டியில் உள்ள எண்களைத் திருத்திவிடுகிறான். வங்கியில் காலமெல்லாம் எண்களோடு மல்லுக்கட்டியவன் நான். ஒரு எண் மாறினால் ராத்திரி எட்டு மணி வரை வீட்டுக்குப் போக முடியாது. இங்கே வீடே கோணிக்கொண்டு நிற்கிறது! மாடியில் ஒரு கதவு. திறந்து காலை வைத்தால் கீழே தரைதான். கீட்டன் அதிலிருந்து நிஜமாகவே விழுகிறார், டூப் கிடையாது.

கிரகப்பிரவேசத்தன்று புயலில் வீடு ராட்டினம் மாதிரி சுற்றும். பொம்மை வீடு என்று நினைக்காதீர்கள். அடியில் சுழல்மேடை வைத்து, ஆள் ஏறுகிற வீட்டையே சுற்றவிட்டார்கள். அப்புறம்தான் தெரிகிறது, கட்டியதே வேறு மனையில் என்று. எங்கள் லோன் செக்‌ஷனில் இதைக் கேட்டால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

இத்தனை நடந்தும் அந்த மனிதர் சிரிப்பதில்லை, அழுவதுமில்லை. சின்னப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு மேடையில் விழுந்து புரண்டவர். தான் முகத்தை அசைக்காமல் இருந்தால்தான் ஜனங்கள் கூடுதலாகச் சிரிக்கிறார்கள் என்று அந்த வயதிலேயே கண்டுகொண்டார்.

உங்களில் பலரைப் போல நானும் வீட்டுச் சாவிக்கு மூன்று வருடம் காத்திருந்தேன். ஒரு பக்கம் வாடகை, ஒரு பக்கம் தவணை. பில்டர் ஆபீஸ் வாசலில் கத்திவிட்டு வந்து வீட்டில் யாரோடும் பேசமாட்டேன். அப்படி ஒரு ராத்திரி என் பேரன் இந்தப் படத்தைப் போட்டான். நானும் மனைவியும் ஒன்றாகச் சிரித்து அப்போது பல மாதங்கள் ஆகியிருந்தன.

கடைசியில் வீடு தண்டவாளத்தில் மாட்டிக்கொள்ளும், ரயில் வரும். மற்றதைச் சொல்லமாட்டேன். ரயில் போன பிறகு அந்த இருவரும் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

லைட்டை அணைத்துவிடலாமா?