மழை வருமுன் வீட்டைப் பார்த்துவிடுவோம்

(மழைக்காலத்துக்கு முந்தைய மக்கள் நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டவர்களையும் உட்கார வைத்திருக்கிறோம். மஃரிப் பாங்குக்கு முன் முடித்துவிடுவோம். இன்று பேசப்போவது நம் தலைக்கு மேலே இருக்கும் கூரையைப் பற்றி.

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று நம் முன்னோர் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நிற்கும். தமிழகத்தில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி இந்த மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. நம்மைப் போன்ற கடலோர ஊர்களில் பாதிக்கும் மேல். மழை வரும் மாதம் நமக்குத் தெரியும். ஆனால் அது வருமுன் நம் வீடு அதைத் தாங்குமா என்று யாராவது பார்த்தோமா?

மற்றவர்களைக் கேட்குமுன் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கணவரை இழந்த ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு மனுக் கொடுத்தார். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. முன் அறையின் மேல்தளம் பொரிந்து உதிர்கிறது, மாப்பிள்ளை வீட்டார் வருமுன் சரிசெய்ய உதவுங்கள் என்று கேட்டிருந்தார். வருமானத்தை விசாரித்தோம், குடும்ப அட்டையைப் பார்த்தோம், ஜமாஅத் கடிதத்தைப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது, பணம் கொடுத்தோம். கொத்தனார் பூசினார், வெள்ளை அடித்தார். நாங்களும் போய்ப் படம் எடுத்து இதே இதழில் போட்டோம். மேல்தளத்தை மட்டும் விவரம் தெரிந்த ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் ஸுப்ஹுக்கு முன், புதிதாகப் பூசிய பூச்சு, அதற்கு மேலிருந்த பழைய கான்கிரீட்டையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. தாயின் தோள் எலும்பு முறிந்தது. பக்கத்தில் படுத்திருந்த சிறிய மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அல்ஹம்துலில்லாஹ். மருத்துவச் செலவு, நாங்கள் பூச்சுக்குக் கொடுத்ததைப் போலப் பல மடங்கு ஆனது. அதைக்கூட விடுங்கள். பார்க்கப் போன எங்களிடம் அந்தச் சகோதரி, “நீங்க கொடுத்த காசு வீணாப் போச்சே காக்கா” என்று சொல்லி அழுதார். அவர் எங்களிடம் வருத்தம் தெரிவிக்கிறார்! தவறு எங்களுடையது. அன்று எங்களால் தலை நிமிர முடியவில்லை.

மறுநாள் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துப் போனோம். விழாமல் மிச்சமிருந்த தளத்தைச் சிறு சுத்தியலால் தட்டினார். சில இடங்களில் கணீரென்று சத்தம் வந்தது. சில இடங்களில் காலிக் குடத்தைத் தட்டினாற்போல் வந்தது. “உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்திருக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. இதன்மேல் பூசுவது, சீழ்க்கட்டியின் மேல் பவுடர் போடுவது போல” என்றார். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை நிக்காஹுக்கு முன் நாங்கள் செலவிட்டிருந்தால் அவருடைய தோள் முறிந்திருக்காது.

அன்பானவர்களே, சொந்த வீட்டை நாம் பாசத்தோடு பார்க்கிறோம். வாப்பா கட்டிய வீடு, உம்மா கண்மூடிய அறை என்று பார்க்கிறோம். தினமும் பார்க்கும் விரிசல் நம் கண்ணில் படுவதே இல்லை. அதனால்தான் வேறொருவர் கண் தேவைப்படுகிறது, அதுவும் பழகிய கண்.

நடந்த இரண்டு செய்திகளை நினைவூட்டுகிறோம். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் அருகே நடூரில், மழையில் ஊறிய ஒரு சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகளின்மேல் சாய்ந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தமிழகத்தில் சராசரியாக ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை ஏறத்தாழ அவ்வளவுதான். அப்படி ஒரு நாள் நமக்கு வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சரி, வந்து பார்ப்பவர் எதைப் பார்ப்பார்? எங்களுக்குப் பொறியாளர் காட்டித் தந்ததைச் சொல்கிறோம்.

முதலில் மொட்டை மாடி. வடிகுழாய் வாயில் சருகும் பிளாஸ்டிக் பையும் அடைத்திருக்கும். ஆயிரம் சதுர அடி மாடியில் நான்கு அங்குலம் தண்ணீர் தேங்கினால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல். அதாவது ஒன்பது டன்னுக்கு மேற்பட்ட சுமை. வீடு கட்டியவர் அந்தச் சுமையைக் கணக்கில் வைத்திருந்தாரா என்பது நமக்குத் தெரியாது. தட்டோடுகளுக்கு இடையே பூச்சு விட்டிருக்கிறதா, கைப்பிடிச் சுவரின் அடியில் விரிசல் ஓடுகிறதா, தண்ணீர்த் தொட்டி எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பார். ஆயிரம் லிட்டர் தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதை நாம் நடுத்தளத்தில் நான்கு செங்கல் அடுக்கி வைத்திருக்கிறோம்.

அடுத்து சன்ஷேடும் மேல்தளமும். வெள்ளைச் சுவரில் செம்பழுப்பாக ஒரு கறை இறங்கியிருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று பொருள். உப்புக் காற்றில் இது சீக்கிரம் நடக்கும். நம் தெருக்களில் இன்னும் தேக்கு உத்திரம் போட்டுச் சுண்ணாம்புத் தளம் இறக்கிய பழைய வீடுகள் உண்டு. அவற்றில் உத்திரத்தின் நடுப்பகுதி கல் மாதிரி இருக்கும். சுவருக்குள் நுழையும் முனைதான் உளுத்திருக்கும். ஆகவே முனையைக் குத்திப் பார்க்க வேண்டும்.

பிறகு சுவர். மயிரிழை போல் பூச்சில் ஓடும் வெடிப்புகளைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசலும், படிக்கட்டுப் போல் செங்கல் வரிசையில் இறங்கும் விரிசலும் வேறு. விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த மாதம் கோட்டைத் தாண்டியிருந்தால் சுவர் நகர்கிறது, உடனே ஆளை அழைக்க வேண்டும்.

கடைசியாக மின்சாரம். இதற்கு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் வேண்டும். நம் வீடுகளில் எம்.சி.பி. இருக்கிறது, போதும் என்று நினைக்கிறோம். அது வயர் சூடாகி எரியாமல் காக்கும், ஆளைக் காக்காது. ஈரச் சுவரில் மின்கசிவு ஏற்பட்டால் நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டிப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் கருவி. ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கக் கூடியதாக அது இருக்க வேண்டும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கருவி வேலை செய்யவில்லை. எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணோடு சேர்ந்திருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் கருவி வைத்து அளந்துதான் சொல்ல முடியும்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்று சிலர் நினைப்பீர்கள். உண்மையில் செலவைக் குறைப்பதும் இந்தச் சோதனைதான். எது ஆபத்து என்று மட்டுமல்ல, எது ஆபத்து இல்லை என்பதையும் அது சொல்லும். நம் முஹல்லாவில் ஒரு பெரியவர் வீட்டை இடித்துக் கட்ட வேண்டும் என்று கடனுக்கு அலைந்துகொண்டிருந்தார். பார்த்தபோது, சுவர் நன்றாக இருந்தது. கழிவறைக் குழாய் ஒன்று உள்ளே கசிந்து ஈரம் ஏறியிருந்தது. குழாயை மாற்றியதோடு வேலை முடிந்தது.

இன்னொன்று. பார்ப்பவரும் வேலை செய்பவரும் ஒருவராக இருக்க வேண்டாம். நம் கொத்தனார்கள் நல்லவர்கள், தொழில் தெரிந்தவர்கள். ஆனாலும் வேலை எடுக்கப் போகிறவரையே வேலை தேவையா என்று கேட்பது இருவருக்கும் சங்கடம். பார்த்தவரிடம் எழுதி வாங்குங்கள். உடனே செய்ய வேண்டியது, மழைக்கு முன் செய்ய வேண்டியது, அடுத்த ஆண்டுவரை பொறுக்கலாம் என்பது என மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். கையில் இருக்கும் பணத்தை முதல் வரியிலிருந்து செலவிடுங்கள். வளைகுடாவில் வியர்வை சிந்தும் பிள்ளைகள் முகப்புக்குக் கிரானைட் போடப் பணம் அனுப்புகிறார்கள். அவர்களிடம் மாடியையும் ஒரு படம் எடுத்து அனுப்பிக் காட்டுங்கள்.

அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்திருக்கிறோம், இதெல்லாம் எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கு ஹஜ்ரத் அவர்களே பதில் சொன்னார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கத்தான் நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள், கட்டாமல் விட்டுவிட்டு அல்ல.

இனி, மனதுக்குக் கஷ்டமான ஒன்று. நம் ஊரில் மிகவும் ஆபத்தான வீடுகள் ஏழைகளின் வீடுகள் அல்ல. பாகம் பிரியாத வீடுகள். வாரிசுகள் ஏழு பேர், ஏழு ஊரில். வாடகையைப் பங்கு போட எல்லோரும் உண்டு, ஒழுகும் தளத்துக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. கீழே குடியிருப்பவர் சொன்னால், “காக்காவிடம் கேளுங்கள்” என்கிறார் தம்பி. காக்கா “தம்பியிடம் கேளுங்கள்” என்கிறார். சகோதரர்களே, பாகம் எப்போது வேண்டுமானாலும் பிரியட்டும். அதுவரை வாடகையில் ஒரு பகுதியை எல்லோரும் ஒப்புக்கொண்டு பழுதுபார்ப்புக்கு ஒதுக்குங்கள். அந்தத் தளத்துக்குக் கீழே தூங்கும் பிள்ளைக்கு உங்கள் வழக்கு தெரியாது.

இப்போது, நாங்கள் செய்யப்போவது. ஒன்று: அறக்கட்டளைக்குச் சொந்தமான வாடகை வீடுகளையும் மதரஸாக் கட்டடத்தையும் முதலில் சோதிக்கிறோம். அறிக்கையை அலுவலகச் சுவரில் ஒட்டுகிறோம். குறை இருந்தால் எல்லோரும் பார்க்கட்டும். இரண்டு: இனி வீடு பழுதுபார்க்கக் கேட்கும் மனு எதற்கும், வீட்டைப் பார்க்காமல் பணம் இல்லை. மூன்று: வசதியில்லாதவர்களின் வீடுகளைப் பார்க்கும் கட்டணத்தை அறக்கட்டளை ஏற்கும். அது ஸகாத் நிதியிலிருந்து அல்ல, பொது ஸதகா நிதியிலிருந்து. ஸகாத் உரியவர் கையில் சேர வேண்டிய அமானிதம், அதை நாங்கள் தொடவில்லை. நான்கு: ஆண்கள் இல்லாத வீடுகளுக்குப் பொறியாளர் தனியாக வரமாட்டார். மகளிர் குழுச் சகோதரிகள் இருவர் உடன் வருவார்கள். எப்போது வரலாம் என்று முன்கூட்டியே கேட்டுத்தான் வருவோம்.

உங்களிடம் நாங்கள் கேட்பது, கதவைத் திறந்துவிடுங்கள். வீட்டின் குறை வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று நினைக்க வேண்டாம். அறிக்கை உங்கள் கையில் மட்டும்தான் தரப்படும். எந்தக் குடும்பத்தின் படமும் இனி இந்த இதழில் வராது. அந்தப் பாடத்தையும் கற்றுக்கொண்டோம்.

அந்தச் சகோதரி தோள் ஆறி இப்போது நலமாக இருக்கிறார். கடந்த ஆண்டு மழைக்கு முன் அவர் வீட்டுத் தளத்தின் கெட்ட பகுதியை உடைத்தெடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, தேவையான இடத்தில் புதுக் கம்பி கட்டிச் சரிசெய்தோம். மழைக்கு நடுவில் ஒரு நாள் போய், ஒழுகுகிறதா என்று கேட்டோம். “இல்லை காக்கா, ராத்திரி தூங்குறோம்” என்றார். இந்த மழையில் நம் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித் தூங்க வேண்டும்.

பெயர் கொடுக்க விரும்புவோர் அலுவலகத்தில் இஷாவுக்குப் பிறகு கொடுக்கலாம். ஓட்டு வீடும் பழைய தளமும் உள்ளவர்கள் முதலில் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், ஐப்பசி பிறக்குமுன் அந்த வீடுகளை முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

அல்லாஹ் நம் வீடுகளையும் அவற்றில் வாழ்வோரையும், அக்கம்பக்கத்தில் வாழும் எல்லாச் சமூகத்து மக்களையும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.