குழுவாய் அமர்ந்து ஆற்றுப்படுத்துதல்: அதன் பயனும் அளவும்

(பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்ப நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் ஆலயம் எழும்பிய வரலாற்றையும், மணி வாங்கித் தந்தவர், கொடிமரம் நட்டவர் பெயர்களையும் பேசுவது வழக்கம். அவற்றின் நடுவே, குடியால் நொந்த வீடுகளைப் பற்றிப் பேசும்படி எங்களை அழைத்தீர்கள். நன்றி.

வீடு சந்திக்கும் பணியில் நாங்கள் கண்ட ஒன்றை முதலில் சொல்லி விடுகிறோம். ஒரு வீட்டில் தாய் ஒருத்தி கதவைச் சாத்திவிட்டு, சம்பள நாளன்று கணவர் எந்தக் கோலத்தில் வந்தார் என்று தணிந்த குரலில் சொல்லுவார். "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் ஐயா" என்பார். அடுத்த வீட்டுக்குப் போனால் அங்கும் அதே கதை, அதே வேண்டுகோள். இரு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். தம் வீட்டில் மட்டுமே இப்படி என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டு, ஞாயிறு பூசைக்கு வரும்போது ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். நாங்களோ இருவர் கதையையும் அறிந்தவர்கள். இருவரிடமும் சொல்ல முடியாதவர்கள். இந்த இரு தாய்மாரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசினால் என்ன என்ற கேள்வியே எங்களை இந்தப் பொருளுக்குக் கொண்டுவந்தது.

ஏழெட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர், வட்டமாக அமர்ந்து, வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் தங்கள் இடரைப் பேசுவது. பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து அந்தப் பேச்சை நடத்திச் செல்வது. குழு ஆற்றுப்படுத்துதல் என்பது இதுதான். 'ஆற்றுப்படுத்துதல்' என்ற சொல்லே நமக்குப் பாதி விளக்கத்தைத் தந்துவிடுகிறது. நம் சங்க நூல்களில் ஆற்றுப்படை என்பது என்ன? வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் பசியோடு வரும் இன்னொரு பாணனைக் கண்டு, தான் சென்று வந்த வழியைக் காட்டுவது. வழி சொல்பவன் அரண்மனை அதிகாரி அல்லன். நேற்று வரை தானும் பசித்திருந்தவன். அதனால்தான் அவன் சொல் எடுபடுகிறது.

இந்த முறை தொடங்கியது மனநோய் மருத்துவத்தில் அன்று, காசநோய் மருத்துவத்தில். 1905-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், சானடோரியத்தில் சேர வசதியில்லாத ஏழைக் காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றாகக் கூட்டினார். ஓய்வும் உணவும் காற்றும் பற்றிப் பாடம் சொல்வதே அவர் நோக்கம். ஆனால் பாடத்தைவிட, ஒருவரையொருவர் கண்டதே அவர்களுக்குத் தெம்பு தந்தது என்பதை அவர் கண்டுகொண்டார். அதற்குப் பொருளுதவி செய்தது எம்மானுவேல் ஆலயம் என்ற ஒரு கோயில் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1935 மே மாதம், ஏக்ரன் என்ற ஊரில் நடந்தது இன்னும் தெளிவானது. பில் வில்சன் என்பவர் பங்குச்சந்தைத் தொழில் செய்தவர். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றுப்போக, விடுதியின் கூடத்தில் தனியே நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிக்குப் போய், கோயில்களின் பட்டியலைப் பார்த்து அழைத்தார். தம்மைப் போலவே குடியால் அவதிப்படும் ஒருவரிடம் தாம் பேசியாக வேண்டும் என்றார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்தவர், பல மணி நேரம் அமர்ந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஆம் நாளையே 'ஏ.ஏ.' எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. அதே ஊரில் 1939-இல் புனித தோமையார் மருத்துவமனையில், இக்னேஷியா என்ற நம் கத்தோலிக்கச் சகோதரி, குடிநோயாளிகளுக்கு இடம் தராத அந்நாளில், 'வயிற்று அழற்சி' என்று எழுதி முதல் நோயாளியைச் சேர்த்துக்கொண்டார். (அந்தப் பொய்யை அவர் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாரா என்று கேட்காதீர்கள்.)

ஏ.ஏ. கூட்டத்தில் ஆலோசகர் கிடையாது, எல்லாரும் உறுப்பினரே. குழு ஆற்றுப்படுத்துதலில் பயிற்சி பெற்றவர் ஒருவர் உண்டு. அதுவே வேறுபாடு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், தம் கணவரைக் குடிக்கு இழந்த பின், 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் நிலையத்தில் மருந்தோடு குழுப் பேச்சும் சிகிச்சையாக வந்தது. குடும்பத்தாரும் அச்சிகிச்சையில் சேர்க்கப்பட்டார்கள்.

பலன் உண்டா என்பதுதான் பேரவையார் எங்களிடம் கேட்டது. உகாண்டா நாட்டின் தென்மேற்கில், எய்ட்ஸ் நோயால் வீட்டுக்கு வீடு சாவு கண்ட முப்பது சிற்றூர்களில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2003-இல் வெளியாயிற்று. அவ்வூர்க்காரர்களையே, படித்த மருத்துவர் அல்லாதவர்களையே, இரண்டு வாரம் பயிற்றுவித்துக் குழு நடத்தச் செய்தார்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, 16 வாரம். தொடக்கத்தில் குழுவில் சேர்ந்தோருள் நூற்றுக்கு 86 பேர் கடும் மனச்சோர்வில் இருந்தார்கள். முடிவில் 6.5 விழுக்காடே. குழு நடக்காத ஊர்களில் அது 94-இலிருந்து 54.7-க்கு இறங்கியது. காலம் தானாகவும் சிறிது ஆற்றுகிறது என்பதை இந்த இரண்டாம் கணக்கு காட்டுகிறது. ஆனால் எஞ்சி நின்றவர்களின் தொகையைப் பாருங்கள். குடியைப் பற்றியோவெனில், 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரையும் தொகுத்து 2020-இல் வந்த காக்ரேன் அறிக்கை, ஏ.ஏ. வழியில் சேர்த்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மற்ற முறைகளைவிட மேலான பலன் தருவதாகக் கூறிற்று.

எல்லாருக்கும் இது மருந்தன்று. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம்; உயிருக்கே ஆபத்து. அவர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவமனை, நம் வட்டமல்ல. தற்கொலை எண்ணத்தோடு இருப்பவரை வட்டத்தில் உட்கார வைத்துவிட்டு நாம் கடமை முடிந்தது என்று இருக்கலாகாது. அடிக்கும் கணவரையும் அடிபடும் மனைவியையும் ஒரே வட்டத்தில் அமர்த்துவது பெருந்தவறு. அங்கே பேசியதற்கு இரவில் வீட்டில் அவள் விலை கொடுப்பாள்.

இனி, எங்கள் தோல்வியைச் சொல்லுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு வட்டம் கூட்டினோம். ஒன்பது பேர் வந்தார்கள். முதல் வாரம் நாங்களே பேசிப் பேசித் தீர்த்தோம், பாதி பிரசங்கம். இரண்டாம் வாரம் வாயை மூடிக்கொண்டோம். மூன்றாம் வாரம் ஒரு சகோதரர், மகளின் காதுத்தோட்டை விற்றுக் குடித்ததைச் சொல்லி அழுதார். இன்னொருவர், "நான் வெண்கலப் பானையை விற்றேன்" என்றார். அன்று அந்த அறையில் இருந்த அமைதியை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் நான்கு நாளில் காதுத்தோட்டுக் கதை தேநீர்க்கடைக்குப் போய்விட்டது. கொண்டுபோனவர் எங்களுள் ஒருவரே. கெட்ட எண்ணத்தில் அல்ல. "அந்தக் குடும்பத்திற்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்போய், கதையையும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் இருவர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் இல்லை. அந்தச் சகோதரர் பல மாதம் கோயில் வாசலையே மிதிக்கவில்லை. அவரிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். அவர் தலையை அசைத்தார், அவ்வளவுதான்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னதை வெளியிட்டால் குருவானவருக்குத் திருச்சபையின் மிகக் கடுமையான தண்டனை உண்டு. வட்டத்தில் சொன்னதற்கு அத்தகைய காவல் இல்லை. கொடுத்த வாக்கு ஒன்றே காவல். பெரிய நகரத்தில் முன்பின் தெரியாதவர் நடுவே இது எளிது. மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் இருக்கும் நம் போன்ற பங்கிலோ, ஜெபத்தின் பெயராலும் கதை வெளியே போகும். ஆகவே இம்முறை நடத்துபவர் நம் பங்கைச் சாராதவராய், பயிற்சி பெற்றவராய் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம். ஆண்களுக்கு ஒரு நாள், தாய்மார்களுக்கு வேறு நாள். வருகைப் பதிவேடு வேண்டாம். மாத அறிக்கையில் எண்ணிக்கை மட்டும் போதும். அதையும் பூசையில் வாசிக்க வேண்டாம்.

இன்னொரு விண்ணப்பம். மறைக்கல்வி அறையின் வாசல் கோயில் முற்றத்தைப் பார்த்து இருக்கிறது. மாலையில் படியில் அமர்ந்திருப்போர் கண்ணில் படாமல் யாரும் உள்ளே போக முடியாது. பின்புறம், கல்லறைத் தோட்டத்துப் பாதையில் ஒரு கதவு உண்டு. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவி உபதேசியாரிடம் இருப்பதாகக் கேள்வி. அதைத் தந்து, அந்தப் பாதையில் மண்டிக் கிடக்கும் புதரையும் வெட்டித் தந்தால், வரும் தவக்காலத்திற்கு முன்பே தொடங்கிவிடலாம்.