கதவுக்குள் ஒரு பிடி தேரி



சாத்தான்குளத்தில் என் வீட்டு வேப்பமரத்தடியில் நிற்கும் மாருதி 800 மோட்டார் வண்டி 1997ஆம் ஆண்டில் வாங்கியது. குர்கான் தொழிற்சாலையிலிருந்து 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியோடு உற்பத்தியே நின்றுபோன அந்த ஜாதியில், இன்றும் கிரமமாக ஓடிக்கொண்டிருப்பவற்றுள் அதுவும் ஒன்று. எஞ்சினைப் பற்றி எனக்குக் குறையொன்றும் கிடையாது. ஆனால் 2024ஆம் ஆண்டுக் கோடையில், திருச்செந்தூர் சாலையில் சற்றே வேகமெடுக்கும்போதெல்லாம், ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவிலிருந்து, யாரோ காய்ந்த முறத்தை விரல் நுனியால் தட்டுவது போல் ஓர் ஓசை விடாமல் எழலாயிற்று. இறங்கிப் பார்த்தேன். கதவின் உட்புறத்தில் ரெக்சின் போர்த்தி வைத்திருக்கும் அட்டை, ஒர்க்‌ஷாப் பாஷையில் 'டோர் பேட்' எனப்படுவது, கீழ் விளிம்பில் தகரத்தை விட்டு விலகி, இரண்டு விரல் நுழையுமளவு வாய் பிளந்து நின்றது.

இதைச் சரிசெய்வது அற்ப காரியமென்றே முதலில் நினைத்தேன். வழியில் ஒரு கடையில் காட்டியபோது, வெள்ளைப் பசையைத் தாராளமாக ஊற்றி, அழுத்திப் பிடித்து, பத்தே நிமிஷத்தில் அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதத்தில் அது பழையபடி வாய் திறந்தது. பிறகு என் சொந்த சாமர்த்தியத்தில் நம்பிக்கை வைத்து, அட்டையின் ஊடாக மூன்று திருகுகளை முடுக்கினேன். ஊறிப்போன அட்டையில் திருகு பிடிக்குமா? ஈரப் புட்டில் குத்திய ஈர்க்கு போலத் திருகுகள் சும்மா சுழன்றன. மூன்று புதுத் துளைகள் கிடைத்ததுதான் கண்ட பலன். கடைசியில் பஜாரில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பையன் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "பசை போட்டா நிக்காது அண்ணாச்சி. மொதல்ல தண்ணி எங்க கெட்டிக் கெடக்குன்னு பாருங்க" என்றான்.

அவன் சொன்னதன் தாத்பரியம் அட்டையைக் கழற்றிப் பார்த்த பிறகே எனக்கு விளங்கிற்று. மோட்டார் கதவுக்குள் மழைநீர் புகுவதே இல்லையென்று நம்மில் அநேகர் எண்ணுகிறோம்; அதைச் செய்தவனோ நீர் புகத்தான் செய்யுமென்று நிச்சயித்துக்கொண்டே செய்திருக்கிறான். கண்ணாடி ஏறியிறங்கும் இடுக்கில் உள்ள ரப்பர் எவ்வளவு புதியதானாலும், கண்ணாடியில் வழியும் நீரில் ஒரு பகுதி உள்ளே இறங்கியே தீரும். இறங்கிய நீர் வெளித்தகரத்தின் உட்பக்கமாக வழிந்து, கதவின் அடிவிளிம்பில் விட்டிருக்கும் சிறு துவாரங்களின் வழியே தரையில் சொட்டிவிட வேண்டும். அது வரையில் அட்டையை நனைத்துவிடாதபடி, அட்டைக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு பாலிதீன் தாள் காவல் நிற்க வேண்டும். துவாரமும் தாளும் ஒழுங்காயிருக்கும் வரை கதவு எத்தனை மழையையும் தாங்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த அந்தப் பெருமழையில், என் வண்டி வேப்பமரத்தடியிலேயே நனைந்தபடி நின்றது. அப்போது உள்ளே போன நீர் வெளியே வரவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

இனி, கழற்றும் விதத்தைச் சொல்கிறேன். கையடக்கமான வேலைதான், அவசரம் மட்டும் ஆகாது. கைதாங்கியின் திருகுகளைக் கழற்றியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியை ஏற்றியிறக்கும் கைப்பிடியில் திருகு எதுவும் கண்ணுக்குத் தெரியாததால், பலர் அதை நெம்பி ஒடித்துவிடுகிறார்கள். என் வண்டியில் அதன் முதுகுப்புறத்தில் லாட வடிவமான ஒரு கம்பிச் சுருள்தான் அதைப் பிடித்து நிற்கிறது. பழைய பனியன் துணியொன்றைக் கைப்பிடிக்கும் அட்டைக்கும் இடையே நுழைத்து, குளித்த பின் துண்டால் முதுகு துடைப்பது போல இரு முனைகளையும் மாற்றி மாற்றி இழுத்தால், துணியின் இழை கம்பியின் முனையில் சிக்கி அதை வெளியே இழுத்துவிடும். அது தெறித்துப் போய் மண்ணில் விழுந்தால் தேடி எடுப்பது துர்லபம். ஆகையால் மடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். வேறு வண்டிகளில் குறுக்காணியோ நடுத்திருகோ இருக்கக்கூடும். எதுவாயினும் பார்த்த பிறகே பலத்தைப் பிரயோகியுங்கள்.

அப்பால் அட்டையைச் சுற்றிலும் உள்ள பிளாஸ்டிக் கிளிப்புகளை விடுவிக்க வேண்டும். திருப்புளியை நுழைத்தால் பெயிண்டும் போகும், அட்டையும் கிழியும். எங்கள் ஊரில் பனைக்கா பஞ்சம்? காய்ந்த பனைமட்டைத் துண்டொன்றை அரிவாளால் நாக்குப் போலச் சீவி, முனையை மழுக்கிக்கொண்டேன். இரும்பைப் போல் கீறாமலும், மூங்கிலைப் போல் பிளவாமலும், அது கிளிப்பின் கழுத்தடிக்கே போய் நின்றது. ஒவ்வொரு கிளிப்பும் 'டக்'கென்று விடுபடும்போது ஏற்பட்ட திருப்தியை நான் மறைக்க விரும்பவில்லை.

அட்டை கையோடு வந்ததும் உண்மை பிரத்தியட்சமாயிற்று. பாலிதீன் தாளைக் காணோம். முன்னொரு காலத்தில் கண்ணாடி ரிப்பேர் செய்தவர் யாரோ அதைக் கிழித்தெறிந்துவிட்டு, அட்டையை மட்டும் மாட்டியிருக்கிறார். கதவின் அடியில் விரல் விட்டுத் துழாவினால் செங்கல் பொடி போல ஏதோ தட்டுப்பட்டது. துரு என்றே முதலில் திடுக்கிட்டேன். உள்ளங்கையில் எடுத்துப் பார்க்கையில் செதில் செதிலாக உதிராமல், விரலிடுக்கில் வழுவழுவென்று ஒழுகிற்று. அது நம்முடைய தேரி மண், இந்தப் பக்கத்துச் செம்மணல்! ஆடிக்காற்றில் கிளம்பி, கதவிடுக்கில் புகுந்து, மழைநீரோடு கீழே இறங்கி, இருபது வருஷத்துக்கு மேல் சிறுகச் சிறுகப் படிந்து, துவாரங்களைச் சிமெண்டு வைத்தாற்போல் அடைத்துவிட்டிருக்கிறது. தேரியின் செந்நிறத்துக்குக் காரணம் மணலின் மேல் படிந்த இரும்பு ஆக்ஸைடு. துருவும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். நான் ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்கியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

மண்ணை வாரியெடுத்த பின், பனை ஈர்க்கால் ஒவ்வொரு துவாரத்தையும் கீழிருந்து குத்தித் திறந்து, ஒரு செம்பு தண்ணீரை உள்ளே ஊற்றினேன். அது மூன்று துளை வழியாகத் தரையில் இறங்குவதைக் கண்ட பிறகே மறுவேலையைத் தொட்டேன். ஓரத்தில் மெய்யாகவே துருப்பிடித்திருந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசினேன். தடித்த பாலிதீன் தாளை வெட்டி ஒட்டும்போது ஒரு சூட்சுமம் உண்டு: அதன் கீழ் விளிம்பு கதவுக் குழிவுக்குள்ளே மடிந்து தொங்க வேண்டும். வெளியே விட்டால், தாளில் வழியும் நீர் நேரே அட்டையின் மடியில்தான் இறங்கும்.

பழைய அட்டை ஊதிப் பொருக்குத் தட்டி, கிளிப்பு உட்காரும் துளைகளெல்லாம் உளுத்துப்போயிருந்தன. ஒன்றிரண்டு துளை மட்டும் கிழிந்திருந்தால், மெல்லிய அலுமினியத் தகட்டில் துளையிட்டுப் பின்புறம் ஒட்டினாலே போதும். எனக்கு அது போதவில்லை. அட்டையையே மாதிரியாக வைத்து, மெல்லிய பிளைவுட்டில் புதிதாக அறுத்துக்கொண்டேன். கனம் 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் கிளிப்பின் கழுத்து எட்டாது. இரு முகங்களுக்கும், முக்கியமாக ஓரங்களுக்கும், வார்னிஷ் இரண்டு முறை பூசிக் காயவிட்டேன். ரெக்சினை ஒட்ட, சோபா தைப்பவர்கள் உபயோகிக்கும் மஞ்சள் ரப்பர்ப் பசையே உத்தமம். அதை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்திருந்து, பிறகு ஒரே தடவையாக அழுத்த வேண்டும். பொறுமையில்லாதவர்கள் சுருக்கத்தோடு வாழப் பழகிக்கொள்ளட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்த வேலை, வார்னிஷ் காய்வதற்காக, மறு ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. புதுக் கிளிப்புகளை நேராக நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையால் ஒரு தட்டு. கம்பிச் சுருளைக் கைப்பிடியில் முன்னதாகவே மாட்டிக்கொண்டு அச்சில் ஒரு தள்ளு. அதன் பின் திருச்செந்தூர் போய்வந்தேன். ஓசை இல்லை. மற்ற மூன்று கதவுகளையும் திறந்து பார்த்ததில், இரண்டில் தேரி இருந்தது.

பழைய வண்டி வைத்திருக்கும் நேயர்கள் ஐப்பசி பிறப்பதற்குள், ஓர் ஈர்க்கை எடுத்துக்கொண்டு கதவின் அடிவிளிம்பை ஒருமுறை குத்திப் பாருங்கள்.