கட்டிலில் கரையும் கால்கள்

(நீரிழிவு விழிப்புணர்வுக் கூட்டத்தில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

சர்க்கரை வியாதி என்றதும் கண்ணைப் பற்றிப் பேசுகிறோம். சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுகிறோம். காலில் ஆறாத புண்ணைப் பற்றிப் பேசுகிறோம். தசையைப் பற்றி யார் பேசுகிறோம்?

ஒரு ஜவுளி வியாபாரி. வயது 62. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. கடைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மறுநாளே எழுந்து நிற்க வைக்கச் சொன்னார்கள். பிள்ளைகள் கேட்கவில்லை. "அத்தா உழைத்தது போதும், படுத்திருக்கட்டும்" என்றார்கள். சர்க்கரை ஏறிவிடும் என்று பயந்து மூன்று வேளையும் கோதுமைக் கஞ்சி. ஆறு வாரம் கழித்து என்னிடம் கொண்டுவந்தார்கள். எலும்பு கூடிவந்தது, நிற்கத்தான் காலில் பலமில்லை! பாசத்தால் வந்த வினை இது.

காரணம் என்ன?

நாம் உண்ணும் மாவுச்சத்தில் பெரும்பகுதியை இன்சுலின் துணையோடு வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் சர்க்கரை தங்க இடமில்லை, இரத்தத்தில் ஏறுகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால் தசையும் கரைகிறது. ஒன்று மற்றொன்றை வளர்க்கும் விஷச் சுழல் இது. நரம்பும் பழுதானால் கால் இன்னும் தளர்கிறது.

இதில் படுக்கையும் சேர்ந்தால்? 2007ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை போய்விட்டது. ஆரோக்கியமானவர்களுக்கே இந்த நிலை என்றால் சர்க்கரை நோயாளியின் கதி என்ன?

2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொல்கிறது. நம் தெருவில், நம் கடை வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்!

நீங்களே சோதியுங்கள்

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் எச்சரிக்கை! கெண்டைக்காலின் பருத்த இடத்தை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆசிய நாடுகளின் மருத்துவ நிபுணர் குழு 2019ல் வகுத்த அளவுகள் இவை. பள்ளிவாசலில் பின்வரிசை நாற்காலிகள் பெருகி வருவதைப் பார்க்கிறோமே, ஸஜ்தாவிலிருந்து எழ முடியாமல் போவதில் தசைத் தளர்வுக்கும் பங்குண்டு.

என்ன செய்வது?

முட்டை, மீன், பயறு, தயிர், தோல் நீக்கிய கோழி: இவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள். நடை நல்லது, நடை மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து எழுவது, சுவரைக் கையால் தள்ளுவது, குதிகாலை உயர்த்துவது என வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள். மூச்சை அடக்காதீர்கள். கால் மரத்தவர்கள் செருப்பின்றி நிற்காதீர்கள். மாத்திரையோ ஊசியோ போட்டவர்களுக்கு வியர்த்துக் கை நடுங்கினால் உடனே நிறுத்திச் சர்க்கரை சாப்பிடுங்கள்.

வயதாகிவிட்டதே என்கிறீர்களா? 1990ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தொண்ணூறு வயதை ஒட்டிய முதியவர்கள் எட்டே வாரப் பயிற்சியில் கால்வலிமையை இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்கிக் காட்டினார்கள்!

அந்த ஜவுளி வியாபாரி நான்கு மாதப் பயிற்சிக்குப் பின் கைத்தடியோடு கடைக்கு வருகிறார். மாடிப்படி மட்டும் இன்னும் ஏற முடியவில்லை. அந்த ஆறு வாரத்தின் விலை அது.

இளைஞர்களே! உங்கள் அத்தாவை மருத்துவமனையிலிருந்து அழைத்து வரும் நாளில் தலையணையைத் தேடாதீர்கள். கையைக் கொடுத்து எழுப்புங்கள். அதுதான் நீங்கள் செய்யும் பணிவிடை.