கல்லுக்குப் பேர் வைத்தவனும் கல்லை உடைத்தவனும்

(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1987இல் ஒரு அரசுப் பள்ளியில் புவியியல் வாத்தியாராகச் சேர்ந்தேன். 2019இல் ஓய்வு பெற்றேன். அந்த 32 வருசத்தில் முதல் ஆறு வருசம் நான் பொய் சொல்லித்தான் காலம் தள்ளினேன். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

என் அப்பா பல்லாவரம் பக்கம் குவாரியில் கல் உடைத்தவர். ஆசிரியர் அறையில், "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எதுக்கு வருதுன்னு நமக்குத் தெரியும். "கட்டட காண்டிராக்ட்" என்பேன்.

1993இல் ஒன்பதாம் வகுப்புக்குப் பாறைகள் பாடம். பல்லாவரத்துக் கல்லுக்கு சார்னகைட் என்ற பெயர் வந்த கதையைச் சொன்னேன். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னக் கல்கத்தாவில் செத்தார். அவர் சமாதிக் கல்லை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் ஆராய்ந்தார். அது பல்லாவரத்துப் பாறை வகை என்று கண்டு, 1893இல் அடக்கமானவர் பெயரையே பாறைக்கு வைத்தார். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்தில், சுமார் 250 கோடி வருசத்துக்கு முன்னால் உருவான பாறை. அதுக்கு ஒரு கம்பெனிக்காரன் பேர்.

கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். "சார், அந்தக் கல்ல ஒடச்சவங்க பேரு என்ன சார்?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரல. "தெரியாதுடா. எங்கப்பா மாதிரி ஒருத்தர்" என்றேன். முதல் தடவையா வாய்விட்டுச் சொன்னேன்.

மறுவாரம் அப்பாவை வரச்சொன்னேன். வகுப்பு வாசலோடு நின்னுட்டார். "உள்ள எனக்கென்னப்பா வேல?" நான்தான் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். ஒரு கல்லைத் தடவி, சுத்தியலால் தட்டிக் கேட்டு, "இந்தப் பக்கம் பொளக்கும்" என்றார். பிளந்தது. கனிமங்கள் வரிசையாகப் படிந்திருப்பதைப் புத்தகம் படம் போட்டுக் காட்டும். அவர் விரலுக்கு அது தெரிந்திருந்தது.

அன்றைக்கும் இருமிக்கொண்டுதான் இருந்தார். 1998இல் இறந்தார். காசநோய் என்றார்கள். கல்தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் பற்றி நான் பிறகுதான் படித்தேன். நான் நடத்திய பாடத்தில் குவார்ட்ஸ் பற்றி இருந்தது. அதன் தூள் உடைப்பவன் மூச்சை என்ன செய்யும் என்று இல்லை. அந்த வரியை வருசா வருசம் கரும்பலகையில் எழுதினேன். "பாடத்துல இல்லாததை நடத்தாதீங்க" என்று தலைமையாசிரியர் எச்சரித்தார். அதற்கப்புறமும் எழுதினேன்.

நம்ம பிள்ளைகள் நிலவியல் படிக்க வரணும், தோழர்களே. குவாரியில் தூசி அளக்கவும், ஏலக் கணக்கைக் கேட்கவும் அந்தப் படிப்பு வேணும். படிச்சுட்டு வேலைக்குப் போனதும் அப்பன் தொழிலை மறைக்காதீங்க. நான் மறைத்த ஆறு வருசத்தில் என் முன்னால் உட்கார்ந்திருந்த குவாரிப் பிள்ளைகளுக்கு, இந்த வாத்தியார் நம்ம ஆளுன்னு தெரியாமலே போச்சு.