அப்பாவுக்கு வாங்கிய ஷூ
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடையிலிருந்து பார்க்கிறேன். பாதிப் பேர் நாற்காலிக்கு அடியில் ஷூவைக் கழற்றி விட்டிருக்கிறீர்கள். விழாவுக்கு வாங்கிய புதுச் செருப்பு கடிக்குது, இல்லையா? அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் டாக்டர் இல்லை. காடாம்புலியூர் முந்திரித் தோப்பில் வளர்ந்து, நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அப்பா ஆயுசு பூரா வெறுங்காலில் நடந்தவர். அவருக்குச் சர்க்கரை நோய் வந்த பிறகு, ஒரு தீபாவளிக்கு கறுப்பு ஷூ வாங்கிக் கொடுத்தேன். கொஞ்சம் இறுக்கம். "கடிக்குதாப்பா?" என்றேன். "ஒண்ணும் தெரியலடா" என்றார். அந்தத் 'தெரியல'தான் நோய் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு கல்யாணத்துக்கு நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு நின்றார். கழற்றினால் சாக்ஸெல்லாம் ரத்தம். புண் ஆறவே இல்லை. கடைசியில் சுண்டுவிரலை எடுத்தார்கள்.

பிறகுதான் டாக்டர் பால் பிராண்டைப் பற்றிப் படித்தேன். 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தவர். தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் ஒரே இடம் மறுபடி மறுபடி அழுந்திப் புண்ணாகிறது என்று எடுத்துக்காட்டினார். வலி என்பது காவல்காரன் என்பார். வேலூரிலும் கரிகிரியிலும் எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகளை நோயாளிகளுக்குச் செய்து கொடுத்தார்கள். இன்று அதே ரப்பர் செருப்பு சர்க்கரைக்காரர்களின் காலைக் காப்பாற்றுகிறது. 'நோயாளிச் செருப்பு' என்று வெட்கப்பட்டு அதை ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வெட்கம் பெரிதா, விரல் பெரிதா?

சர்க்கரை இல்லாதவர்களும் கேளுங்கள். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். குதிகால் உயர்ந்தால் உடம்பின் பாரம் முன்பாதத்துக்குத் தள்ளப்படும்; முழங்காலுக்கும் சுமை கூடும். கூர்முனை ஷூ கட்டைவிரலை உள்பக்கம் நெருக்கும். சுரங்கத்தில் இரும்பு முனை ஷூ இல்லாமல் இறங்க முடியாது, சரிதான். ஆனால் ஈர சாக்ஸோடு ஷிப்ட் முழுக்க இருந்தால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும்.

நான் பின்பற்றுவது இவ்வளவுதான். செருப்பைச் சாயங்காலம் வாங்குங்கள். அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். நின்று பார்த்து, நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். புதுசை முதலில் ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள். ஷூவைப் போடுமுன் உள்ளே கை விட்டுப் பாருங்கள். ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பை இழுத்துக்கொண்டே திரியாதீர்கள்.

தம்பி தங்கைகளே, முதல் சம்பளத்தில் அப்பா அம்மாவுக்குச் செருப்பு வாங்குங்கள். கூடவே அழைத்துப் போய், காலைப் பார்த்து வாங்குங்கள். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அவர்கள் உள்ளங்காலை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நான் பார்க்கத் தவறியவன்.